கோழிக்குத் தண்ணீர் வையுங்கள், தரைக்கு வைக்காதீர்கள்

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)

வயலைச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள். வரப்பிலே ஒரு நண்டு வளை. தண்ணீர் அடுத்த வயலுக்குச் சலசலவென்று போய்க்கொண்டிருக்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா வருவீர்களா? மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. விட்டால் விடிவதற்குள் வயல் வடிந்துவிடும் என்று நமக்குத் தெரியும்.

அதே வீட்டுக் கொல்லையிலே கோழிக்குத் தண்ணீர் வைக்கிற பாத்திரம் ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருக்கும். "சொட்டுத் தண்ணிதானே, போனால் போகிறது" என்று விட்டுவிடுகிறோம். போவது தண்ணீர் மட்டும் என்றால் நானும் இதைப் பேச வரமாட்டேன். அந்தச் சொட்டுத் தண்ணீர் போகிற வழியிலே நம்முடைய குஞ்சுகளையும் கொண்டுபோகிறது. எப்படிக் கொண்டுபோகிறது, எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கைக்கு எட்டிய பொருளை வைத்து எப்படிச் சரி செய்வது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு சொட்டின் கணக்கு

முதலில் ஒரு கணக்கு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்றால் நிமிஷத்துக்கு 3 மில்லி, மணிக்கு 180 மில்லி, ஒரு நாள் முழுவதும் 4 லிட்டருக்கு மேல்.

வளர்ந்த கோழி ஒன்று சாதாரண நாளில் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். தின்கிற தீனியின் எடையைப் போல இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசி வெயிலிலே இது இரட்டிப்பாகக்கூடும். பத்துக் கோழி வைத்திருக்கிற வீட்டிலே சாதாரண நாளில் செலவாகிற தண்ணீர் இரண்டரை லிட்டர். ஒழுகுகிற ஒரு சொட்டு தரைக்குக் கொடுப்பது 4 லிட்டர். ஆக, கோழிக்கு வைத்ததைவிடத் தரைக்கு வைத்தது அதிகம்!

இதனால் கெடுதல் இரண்டு வகை. ஒன்று, தரை நனைகிறது. இன்னொன்று, பாத்திரம் சீக்கிரம் காலியாகிறது. காலையிலே நிரப்பிவிட்டு நீங்கள் நடவுக்கோ களையெடுக்கவோ போய்விடுகிறீர்கள். பதினோரு மணிக்குப் பாத்திரம் வறண்டுவிடும். தாகம் எடுத்த கோழி என்ன செய்யும்? சாக்கடையிலே குடிக்கும். மருந்து அடித்த வயலிலிருந்து வடிகிற தண்ணீரையும் குடிக்கும். தண்ணீர் கிடைக்காத கோழி தீனியைக் குறைத்துவிடும், முட்டையும் குறைந்துவிடும்.

ஈரத் தரையிலே என்ன நடக்கிறது?

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்று சொல்லுவோம். கோழித் தரைக்குக் காய்ச்சல் மட்டும் போதும், பாய்ச்சல் கூடாது. காரணம் கேளுங்கள்.

குஞ்சுகளுக்கு வருகிற ரத்தக் கழிச்சல் நோய் உங்களுக்குத் தெரிந்ததுதான். எச்சத்திலே ரத்தம் கலந்து வரும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். 3 வாரத்திலிருந்து 6 வாரத்துக் குஞ்சுகளை இது அதிகமாகத் தாக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர்தான் இதற்குக் காரணம். அதன் வித்து எச்சத்தோடு வெளியே விழுகிறது.

விழுந்த உடனே அந்த வித்துக்கு நோயைத் தருகிற சக்தி கிடையாது. அது பக்குவப்பட வேண்டும். அதற்கு ஈரம் வேண்டும், சூடு வேண்டும், காற்று வேண்டும். நாம் நாற்றங்காலுக்கு விதை நெல்லை 24 மணி நேரம் ஊறப்போட்டு, இன்னொரு 24 மணி நேரம் மூட்டம் போட்டு முளைகட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். நனைந்த தரையிலே கிடக்கிற இந்த வித்து, நம் ஊர்ச் சூட்டிலே ஒன்று இரண்டு நாளில் பக்குவப்பட்டுவிடுகிறது. அந்த இடத்தைக் கொத்தித் தின்கிற குஞ்சுக்கு நோய் வருகிறது. தரை காய்ந்து கிடந்தால் பெரும்பாலான வித்து பக்குவப்படாமலே வீணாகிவிடும்.

ஒழுகுகிற பாத்திரத்தை வைத்திருப்பவர், தெரியாமலே நோய்க்கு நாற்றங்கால் போட்டுக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று அம்மோனியா வாயு. எச்சம் காய்ந்து கிடந்தால் நாற்றம் குறைவு. நனைந்தால் பாக்டீரியா வேலை செய்து வாயு கிளம்பும். அது குஞ்சின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் நமக்குத் தெரியாது. குஞ்சு நிற்கிற உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கு நெடித்தாலோ கண் கரித்தாலோ குஞ்சுகள் அதைத்தான் இரவு முழுவதும் சுவாசிக்கின்றன. போதாததற்கு, சிந்திய தண்ணீர் தவிட்டிலும் தீனியிலும் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த தீனி விஷம்.

நம்முடைய மண்ணையும் நினைத்துப் பாருங்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவிலே, மணல் சேர்ந்த மண் சிந்தின தண்ணீரை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். பழைய டெல்டாவின் களிமண் அப்படியல்ல. நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற அதே குணம், கோழிக் கூட்டுக்குள்ளும் தண்ணீரைத் தேக்கி வைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே வெயிலும் இருக்காது. அந்தச் சமயத்திலே ஒழுகுகிற பாத்திரம் மழையைவிட மோசம்.

ஒரு மூதாட்டி சொன்ன பாடம்

சில வருஷங்களுக்கு முன்னால் வெண்ணாற்றுப் பக்கம் ஒரு கிராமத்திலே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சகோதரி முப்பது நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வளர்த்தார். விற்றுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்க்கலாம் என்று ஒரு கணக்கு. ஐப்பசி மழையிலே குஞ்சுகள் சுருண்டு விழ ஆரம்பித்தன. ரத்தக் கழிச்சல்தான். கால்நடை மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் கலந்து வைத்தார்கள். கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது. பத்து நாளில் மறுபடியும் சாவு. எண்ணிப் பார்த்தால் பதினோரு குஞ்சு போய்விட்டது.

நான் போய்ப் பார்த்தேன். கூளத்தைப் பார்த்தேன், தீனியைப் பார்த்தேன், "மருந்தைச் சரியாகக் கலந்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். படித்த படிப்பு முழுவதும் நோயைத்தான் தேடியது. திண்ணையிலே உட்கார்ந்திருந்த மாமியார் சொன்னார்: "தம்பி, ராத்திரி கோழி தண்ணி குடிக்குமா? சாயங்காலம் ரொப்பி வச்சா விடியிறப்போ பாதிகூட இல்லையே!"

எனக்குச் சுரீர் என்றது. பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பக்கவாட்டிலே மயிரிழை போல ஒரு வெடிப்பு. மருந்து கலந்த தண்ணீரிலே பாதி தரைக்குத்தான் போயிருக்கிறது. குஞ்சுக்கு மருந்து அரைகுறை, தரைக்கு ஈரம் முழுசு. பாத்திரத்தை மாற்றி, நனைந்த உமியை அள்ளிக் கொட்டி, மருந்தை மறுபடி முறைப்படி கொடுத்த பிறகு மிச்சக் குஞ்சுகள் பிழைத்தன. அன்றிலிருந்து யார் வீட்டுக் கொல்லைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்ப் பாத்திரத்தைத்தான்.

இரவுக் கோடு

அந்தப் பாட்டி சொன்னதுதான் சோதனை. செலவு ஒரு பைசா இல்லை.

பொழுது சாய்ந்து கோழியெல்லாம் அடைந்த பிறகு, பாத்திரத்திலே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே கரித்துண்டாலோ சுண்ணாம்பாலோ ஒரு கோடு போடுங்கள். வெளியே தெரியாத பாத்திரமானால் ஒரு குச்சியை உள்ளே விட்டு அளந்து அடையாளம் வையுங்கள். இருட்டிலே கோழி தண்ணீர் குடிக்காது. விடியற்காலை கூட்டைத் திறப்பதற்கு முன்னால் பாருங்கள். தண்ணீர் கோட்டிலேயே நின்றால் பாத்திரம் நல்லது. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒழுக்கு இருக்கிறது. மண் சட்டி மட்டும் கொஞ்சம் குறையும். அது சட்டியின் இயல்பு. பகலில் நனைந்து, இரவில் கோடு குறையவில்லை என்றால், அது ஒழுக்கு அல்ல. கோழி சிந்துகிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

தரையையும் சோதிக்கலாம். பாத்திரத்தைச் சுற்றி இருக்கிற உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உதிர்ந்து விழுந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்.

இனி பாத்திரம் பாத்திரமாகப் பார்ப்போம்.

மண் சட்டியும் திறந்த பாத்திரமும்

இதிலே ஒழுக்கு குறைவு, சிந்தல் அதிகம். கோழி விளிம்பிலே ஏறும், சட்டி கவிழும். காலால் சீய்த்து மண்ணையும் உமியையும் உள்ளே தள்ளும். அதற்கு நான்கு வழி உண்டு.

முதலாவது, சட்டியின் நடுவே கழுவின ஒரு கனமான கல்லை வையுங்கள். சட்டி கவிழாது, குஞ்சு விழுந்தாலும் முங்கிச் சாகாது. இரண்டாவது, விளிம்பு வரை நிரப்பாதீர்கள். முக்கால் பங்கு போதும், வேண்டுமானால் இரண்டு வேளை ஊற்றுங்கள். மூன்றாவது, சட்டியைத் தரையிலே வைக்காமல் செங்கல் மேலே வையுங்கள். நான்காவது, கூட்டுக்குள்ளே வைக்கப் பழகின சட்டியை வையுங்கள். புதுச் சட்டியிலே தண்ணீர் கசிந்து வெளியே வேர்க்கும். கோடையில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க அது நல்லதுதான், ஆனால் அது மரத்தடி நிழலிலே இருக்கட்டும்.

சட்டியில் வெடிப்பு இருந்தால் சிமெண்டுப் பாலை உள்பக்கம் பூசி, நன்றாக இறுகவிட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். தார், பெயிண்ட் பூச வேண்டாம். முக்கியமான ஒன்று: பூச்சிமருந்து இருந்த டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுக்கவே கூடாது.

கவிழ்த்து வைக்கிற பாத்திரம்

மேலே ஒரு குடுவை, கீழே ஒரு தட்டு, கடையிலே 'டிரிங்கர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ரிப்பேர் சுலபம்.

ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பித் தட்டிலே கவிழ்த்துப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் வெளியே வந்து நின்றுவிடும். வெளிக்காற்று தட்டில் உள்ள தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கிறது. டம்ளருக்குள் காற்று புக வழி இல்லை. அதனால் தண்ணீர் இறங்காது. கோழி குடித்துத் தட்டில் மட்டம் குறைந்தால், ஓட்டை வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே போகும், அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே வரும். ஆக, காற்றுதான் இதற்கு மூடி. வேறு எந்த வழியாகவாவது காற்று மேலே புகுந்துவிட்டால், மடை திறந்த மாதிரி எல்லாத் தண்ணீரும் வழிந்துவிடும்.

இது வழிவதற்குக் காரணங்கள் நான்கு.

ஒன்று, மேல் குடுவையில் வெடிப்பு. காலிக் குடுவையின் வாயைக் கீழே பார்க்க வைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்குங்கள். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே வெடிப்பு. சைக்கிள் டியூபிலே பஞ்சர் பார்க்கிற அதே முறை. அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்பக்கம் எம்-சீல் பிசைந்து ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு மறுபடி அமுக்கிப் பாருங்கள். வெயிலில் பொடிந்து பல இடத்தில் வெடித்த பிளாஸ்டிக் என்றால் ஒட்டுவதிலே பயன் இல்லை, மாற்றிவிடுங்கள்.

இரண்டு, மட்டம் சரியில்லாமை. பாத்திரம் ஒரு பக்கம் சாய்ந்தால் தாழ்ந்த பக்கம் வழியும். நாற்றங்காலுக்கு மட்டம் பார்க்கிற மாதிரி தட்டிலே தண்ணீரைப் பாருங்கள். சுற்றிலும் விளிம்பிலிருந்து ஒரே அளவு கீழே நிற்க வேண்டும். இல்லையென்றால் கீழே செங்கல்லைத் திருத்துங்கள்.

மூன்று, ஓட்டையின் உயரம். வீட்டிலேயே வாளியில் ஓட்டை போட்டுச் செய்கிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். தட்டின் விளிம்பு மூன்று விரல் உயரம் என்றால் ஓட்டை இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். ஓட்டை விளிம்புக்கு மேலே போனால் தண்ணீர் நிற்காது.

நான்கு, வெயில். இதைப் பலர் கவனிப்பதில்லை. "வெடிப்பு இல்லை, மட்டம் சரி, ஆனாலும் மத்தியானம் வழிகிறதே சார்" என்பார்கள். குடுவையில் பாதி காலியானால் அந்த இடத்தில் காற்று இருக்கிறது. சூடேறினால் காற்று விரியும். 10 லிட்டர் பாத்திரத்தில் 5 லிட்டர் காற்று இருந்து, காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே 15 டிகிரி சூடு ஏறினால், கால் லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் வெளியே தள்ளிவிடும். உள்ளே நீராவியும் சேர்வதால் இன்னும் கூடும். வைத்தியம் என்ன? நிழல்தான். கீற்றுப் பந்தலின் கீழே வையுங்கள், மேலே ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும், வழியவும் வழியாது.

நிப்பிள் வைத்த வாளியும் குழாயும்

இப்போது பல வீடுகளில் வாளியின் அடியிலோ பிளாஸ்டிக் குழாயிலோ நிப்பிள் பொருத்திவிடுகிறார்கள். கோழி அலகால் தட்டினால் மட்டும் தண்ணீர் வரும். சரியாகப் போட்டால் தரை நனைவது மிகவும் குறைவு. தவறாகப் போட்டால் இருபத்துநாலு மணி நேரமும் சொட்டும்.

மரை வழியாகச் சொட்டினால், கழற்றித் துடைத்து, மரை சுற்றுகிற திசையிலேயே டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றி மறுபடி முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் வாளி வெடிக்கும். துளை பெரிதாகிவிட்டால் டேப் பயன்படாது, பக்கத்திலே புதுத் துளை போட்டுப் பழையதை அடைத்துவிடுங்கள். புதுத் துளையை முதலில் ஒரு வேண்டாத குழாய்த் துண்டிலே போட்டு அளவு பார்ப்பது நல்லது.

நிப்பிளின் நுனியில் சொட்டினால், உள்ளே மணலோ துருவோ உப்போ சிக்கியிருக்கும். நம் வாய்க்கால் தண்ணீரில் வண்டல் உண்டு. பல இடங்களில் அடிபைப்புத் தண்ணீரில் காவி படியும். நிப்பிளைக் கழற்றி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் இரவு ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். நிப்பிள் நேர் செங்குத்தாகத் தொங்க வேண்டும். சாய்ந்து நின்றால் ஊசி சரியாக உட்காராமல் சொட்டும்.

மாடியில் இருக்கிற தொட்டியிலிருந்து நேரே குழாய் இழுத்தால் அழுத்தம் அதிகமாகி எல்லா நிப்பிளும் ஒழுகும். நடுவிலே ஒரு வாளி வைத்து, அதிலே மிதவை வால்வு போட்டு, அந்த வாளியிலிருந்து நிப்பிளுக்கு விடுங்கள். வாளி நிப்பிளுக்கு ஒரு அடி மேலே இருந்தால் போதும். இந்த வாளி மூடியில் ஒரு சிறு துளை வேண்டும். கவிழ்த்து வைக்கிற பாத்திரத்துக்குள் காற்று புகக்கூடாது, நிப்பிள் வாளிக்குள் காற்று புக வேண்டும். இரண்டையும் மாற்றி நினைத்துவிடாதீர்கள்.

பத்துக் கோழிக்கு ஒரு நிப்பிள் என்று கணக்கு வைத்தாலும், ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது இருக்கும்படி எப்போதும் இரண்டு போடுங்கள். வயசான கோழி பழகச் சில நாள் ஆகும். அதுவரை பழைய சட்டியை எடுத்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பகுதியில் பல நாள் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். குழாய் நின்றால் கைகொடுப்பது சட்டிதான்.

உயரமும் மேடையும்

கோழி சிந்துவதற்குப் பெரும்பாலும் பாத்திரத்தின் உயரம்தான் காரணம். தாழ்ந்திருந்தால் சீய்க்கும், ஏறும், எச்சமிடும். தட்டின் விளிம்பு கோழி நிற்கும்போது அதன் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். குஞ்சு வளர வளர வாரம் ஒருமுறை பார்த்து, கீழே ஒரு பலகையோ செங்கல்லோ ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நிப்பிள் என்றால் கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து தட்டுகிற உயரம்.

எவ்வளவு பார்த்தாலும் அலகிலிருந்து நாலு சொட்டு விழத்தான் செய்யும். அதற்கு ஒரு வடிகால் மேடை. பாத்திரம் வைக்கிற இடத்திலே இரண்டடிக்கு இரண்டடி, அரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்புங்கள். அதன்மேல் மூங்கில் பிளாச்சையோ கம்பி வலையையோ பரப்பி, நடுவே பாத்திரத்தை வையுங்கள். சிந்தின தண்ணீர் ஜல்லிக்குள் போய்விடும், கோழி ஈரத்தைக் கொத்தாது. களிமண் பூமியாக இருந்தால் குழியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் எடுத்து வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஏறும் இடமானால் குழி வேண்டாம், தரைக்கு மேலே மேடாகக் கட்டுங்கள்.

ஏற்கெனவே நனைந்துபோன உமியை என்ன செய்வது? வெறுமனே கிளறிவிட்டால் போதாது. நனைந்த பகுதியை அள்ளி எருக்குழியில் போடுங்கள். தரையிலே சுண்ணாம்புத் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். சுண்ணாம்பு பட்டதும் ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். ஆகையால் கோழிகளை வெளியே விட்டுவிட்டுச் செய்து, காற்றாட விட்டு, பிறகு புது உமியை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். உமிக்கு நம் பக்கம் பஞ்சமா என்ன!

மருந்தும் தண்ணீரும்

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறவர்கள், முதல் நாள் இரவே கோடு போட்டுப் பாத்திரத்தைச் சோதித்துவிடுங்கள். ஒழுகுகிற பாத்திரத்தில் மருந்து கலப்பது ஓட்டைச் சாக்கில் நெல் அளப்பது போல. அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் கூடாது, அது தடுப்பு மருந்தைக் கெடுத்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்தால் மருந்துக்குப் பாதுகாப்பு. இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கிற அளவே வையுங்கள்.

குஞ்சு சுருண்டால் நீங்களாகவே மருந்து வாங்கிக் கலக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்த மருத்துவர் வந்தாலும் உங்கள் வீட்டுப் பாத்திரத்து ஒழுக்கை அடைக்க வேண்டியது நீங்கள்தான்.

இன்றைக்கு இரவே

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் கோடு போடுங்கள், விடியலில் பாருங்கள். குறைந்திருந்தால் வெடிப்பு, மட்டம், மரை மூன்றையும் சோதியுங்கள். குறையாமல் தரை மட்டும் நனைந்தால் உயரத்தையும் நிழலையும் சரி செய்யுங்கள். நனைந்த உமியை அன்றன்றே அள்ளுங்கள். புரட்டாசி முடிவதற்குள் இவ்வளவையும் முடித்துவிட்டால் அடைமழைக் காலத்தில் குஞ்சுகள் தப்பும்.

1960-களிலே ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டு நட்ட தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். கேட்டதோடு நிற்காமல் செய்து பார்த்ததால் வந்த பெயர் அது. இது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஒரு கரித்துண்டும் ஒரு கோடும்தான். ஆனால் கூட்டிலே இருக்கிற குஞ்சு எத்தனை ஐப்பசியைத் தாண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். இன்றைக்கு இரவே போட்டுப் பாருங்கள்.